பெயர்களின் பதிவேட்டைக் காத்தவர்: ஜோன் பொஸ்டலின் வாழ்வும் இன்றைய தன்னியக்கக் கருவிகளும்

திருகோணமலை மாவட்டத்தின் தென்பகுதியில், கொட்டியாரக் குடாவைத் தாண்டி வெருகலை நோக்கிச் செல்லும் கரையோரத்தில், களப்பு நீர் கடலோடு கலக்கும் இடத்தை எமது மக்கள் தலைமுறை தலைமுறையாக இலங்கைத்துறை முகத்துவாரம் என்று அழைத்து வருகின்றனர். சிங்களத்தில் அதற்கு வழங்கும் பெயர் லங்காபட்டுன. மண் ஒன்றுதான், பெயர்கள் இரண்டு. எந்தப் பெயர் பலகையில் எழுதப்படும், எது வரைபடத்தில் இடம்பெறும், அதனை எழுதும் பேனா யாருடைய கையில் இருக்கும் என்பவை இம்மாவட்டத்தின் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் வெறும் ஏட்டுக் கேள்விகள் அல்ல. ஒரு பெயர் பதிவேட்டில் இருந்தால்தான் அந்த இடமோ ஆளோ உண்டு என்று உலகம் ஒப்புக்கொள்கிறது என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள் அவர்கள். கடலுக்குச் செல்லும் சிறு படகுகூடத் தனது பக்கத்தில் பதிவெண்ணைத் தாங்கியே செல்கிறது. அந்த எண் இல்லாத படகு, எவ்வளவு உறுதியாகக் கட்டப்பட்டிருந்தாலும், கரையில் நிற்கும் அதிகாரிக்கு ஒரு சந்தேகப் பொருளே ஆகும்.

இன்று நாம் நாள்தோறும் பயன்படுத்தும் இணையத்திற்கும் இத்தகையதொரு பதிவேடு உண்டு. உலகிலுள்ள இணையத்தளங்கள், மின்னஞ்சல்கள், வங்கிச் சேவைகள், பத்திரிகைகள் யாவும் அந்தப் பதிவேட்டை நம்பியே இயங்குகின்றன. அதன் தொடக்க காலத்தில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், அதன் பெரும் பொறுப்பை ஏந்தி நின்றவர் ஒரு தனிமனிதர். நீண்ட தாடியும் காலில் செருப்புமாக அலுவலகத்திற்கு வந்து, பெருஞ்செல்வமோ பெரும்பதவியோ தேடாமல் பணியாற்றி, 1998 இல் மறைந்த அவரது பெயர் ஜொனதன் புரூஸ் பொஸ்டல். ஜோன் பொஸ்டல் என்றே உலகம் அவரை அறியும். மனிதக் கைகள் எழுதிய அப்பதிவேட்டைத் தன்னியக்கக் கருவிகள் நொடிக்கு நொடி திருத்தி எழுதுகின்ற இக்காலத்தில் அவரது வாழ்வை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பது பொருத்தமானதாகும்.

பொஸ்டல் 1943 ஓகஸ்ட் 6 ஆம் திகதி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள அல்ட்டடீனா என்ற ஊரில் பிறந்தார். வான் நைஸ் உயர்நிலைப் பாடசாலையில் அவர் கல்வி கற்றார். பிற்காலத்தில் இணையத்தின் முன்னோடிகளாகப் போற்றப்பட்ட வின்ட் சேர்ஃப், ஸ்டீவ் குரொக்கர் ஆகிய இருவரும் அதே பாடசாலையின் மாணவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1966 இல் இளமாணிப் பட்டத்தையும் 1968 இல் முதுமாணிப் பட்டத்தையும் பெற்றார். அதே பல்கலைக்கழகத்தில் 1974 இல் கணனி விஞ்ஞானத்தில் கலாநிதியானார்.

அவர் ஆய்வு மாணவராக இருந்த காலத்தில்தான், அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆதரவுடன் ஆர்ப்பாநெட் என்ற கணனி வலையமைப்பு உருவானது. பேராசிரியர் லெனார்ட் கிளைன்ரொக்கின் கீழ் இயங்கிய ஆய்வுகூடத்தில் பொஸ்டலும் ஒருவராக இருந்தார். 1969 ஒக்டோபர் 29 ஆம் திகதி அந்த ஆய்வுகூடத்திலிருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்திற்கு முதலாவது செய்தி அனுப்பப்பட்டது. அன்று அது ஒரு சிலரே அறிந்த ஆய்வுச் செய்தி மாத்திரமே. அதுவே பின்னாளில் உலகத்தைச் சுற்றிப் படரப்போகும் கொடியின் முதற் தளிர் என்பதை அன்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

புதிய வலையமைப்பொன்றைக் கட்டுவோருக்கு இரண்டு வகையான வேலைகள் உண்டு. ஒன்று, கண்ணைக் கவரும் கண்டுபிடிப்பு. மற்றையது, யாரும் விரும்பாத கணக்கெழுத்து. எந்தச் சேவைக்கு எந்த எண், எந்தக் கணனிக்கு எந்த முகவரி, எது ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது, எது மிச்சமிருக்கிறது என்று யாராவது ஒருவர் எழுதி வைக்காவிட்டால் இருவருக்கு ஒரே எண் போய்ச்சேரும். அதன்பின் வலையமைப்பு என்பது வெறும் குழப்பமே. அந்த இரண்டாவது வேலையைப் பொஸ்டல் தாமாகவே ஏற்றுக்கொண்டார். 1972 மே மாதத்தில் வெளியிட்ட குறிப்பொன்றில், இவ்வெண்களைப் பகிர்ந்தளிக்க ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று முன்மொழிந்து, அப்பொறுப்புக்குத் தம்மையே அவர் முன்வைத்தார். அதிகார ஆசையால் அல்ல, வேறு எவரும் அதற்கு முந்தியடித்துக்கொண்டு வராததால் அது அவருடையதாயிற்று என்றே கூறவேண்டும்.

அத்துடன் மற்றுமொரு பணியையும் அவர் சுமந்தார். இணையத்தின் விதிமுறைகள் கருத்துரைக்கான வேண்டுகோள் என்ற தலைப்பிலான ஆவணங்களாக வெளிவந்தன. ஸ்டீவ் குரொக்கர் 1969 ஏப்ரலில் தொடக்கிவைத்த அத்தொடரின் பதிப்பாசிரியராகப் பொஸ்டல் தமது இறுதிக்காலம் வரை விளங்கினார். அவர் மறைந்தபோது அத்தொடர் ஏறத்தாழ 2,400 ஆவணங்களை எட்டியிருந்தது. அவற்றில் 200 க்கும் மேற்பட்டவற்றைத் தனித்தோ பிறருடன் இணைந்தோ எழுதியவரும் அவரே. ஒவ்வொரு ஆவணத்தையும் வாசித்து, தெளிவற்ற இடங்களைத் திருத்தி, எண்ணிட்டு வெளியிடுவது அவரது வழக்கம். பதிப்பாசிரியரின் வேலை எத்தகையது என்பதைப் பத்திரிகை வாசகர்களுக்கு நாம் எடுத்துக்கூறத் தேவையில்லை. நன்றாகச் செய்தால் அது எவருடைய கண்ணிலும் படுவதில்லை.

1977 இல் பொஸ்டல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் விஞ்ஞான நிறுவனத்தில் இணைந்தார். தமது வாழ்நாளின் எஞ்சிய காலத்தை அங்கேயே கழித்தார். இணையத்தின் அடிப்படை மொழியென வருணிக்கத்தக்க நெறிமுறைகளின் 1981 செப்டெம்பர் ஆவணங்கள் அவரது பதிப்பில் வெளிவந்தவையாகும். மின்னஞ்சலை ஒரு கணனியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு சேர்க்கும் நெறிமுறையை 1982 ஓகஸ்டில் அவரே எழுதினார். தான் அனுப்புவதில் கண்டிப்பாகவும் பிறர் அனுப்புவதை ஏற்பதில் தாராளமாகவும் இருக்கவேண்டும் என்பது அவர் வகுத்த பொறியியல் ஒழுக்கம். அது கணனிகளுக்காகக் கூறப்பட்டதாயினும் அயலவரோடு வாழும் மனிதர்களுக்கும் பொருந்தும் என்பதை மறுப்பதற்கில்லை.

இனிப் பெயர்களின் கதைக்கு வருவோம். கணனிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. மனிதர்களோ பெயர்களையே நினைவில் வைத்திருக்கின்றனர். ஆரம்ப நாட்களில், எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற முழுப் பட்டியலும் ஒரேயொரு கோப்பில் இருந்தது. ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழுவினர் அதனைப் பேணினர். புதிய கணனியொன்றைச் சேர்க்க விரும்புவோர் அவர்களுக்கு அறிவிப்பர். குழுவினர் கையால் கோப்பைத் திருத்துவர். பின்னர் ஒவ்வொரு கணனியும் அக்கோப்பைப் பிரதியெடுத்துக்கொள்ளும். சில நூறு கணனிகள் இருந்தவரையில் இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது.

கிண்ணியா மக்களுக்கு இதனை விளக்குவது எளிது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, அவர்கள் திருகோணமலைக்குச் செல்லப் பாதைக்காகக் காத்து நின்றவர்கள். சுமை குறைவாக இருந்தால் பாதை போதும். சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் பாடசாலைக்கும் செல்வோர் பெருகியபோது, அந்த ஒரேயொரு பாதையே எல்லோருக்கும் தடையாகிவிடும். அமெரிக்கக் கணனி வலையமைப்புக்கு நேர்ந்ததும் இதுவே. கோப்பு பெருத்தது. பிரதியெடுப்பது சுமையானது. இன்று சொன்ன திருத்தம் எப்போது எல்லோரையும் சென்றடையும் என்பது நிச்சயமற்றதாயிற்று.

இந்நிலையில் பொஸ்டல் தமது நிறுவனத்திலிருந்த இளம் விஞ்ஞானி போல் மொக்காபெட்ரிஸிடம் இப்பிரச்சினையை ஒப்படைத்தார். அப்போது முன்வைக்கப்பட்டிருந்த பல்வேறு யோசனைகளை ஆராய்ந்து இணக்கமான வழியொன்றைக் கூறுமாறு கேட்கப்பட்ட மொக்காபெட்ரிஸ், அவற்றை ஒதுக்கிவிட்டு முற்றிலும் புதியதொரு முறைமையை வகுத்தார். 1983 நவம்பரில் வெளியான அதுவே ஆள்களப் பெயர் முறைமை. சுருக்கமாக டி.என்.எஸ். என்பர். அதன் உயிர்நாடி அதிகாரப் பகிர்வாகும். முழுப் பட்டியலும் ஓரிடத்தில் இருக்கத் தேவையில்லை. மேலே வேர் இருக்கும். வேர் தனக்குக் கீழுள்ள கிளைகள் யாரிடம் உள்ளன என்பதை மாத்திரம் கூறும். ஒவ்வொரு கிளையும் தனது கொம்புகளைத் தானே பேணும். ஒரு பல்கலைக்கழகம் தனது கணனிகளின் பெயர்களை எழுத வேறெவரின் அனுமதியையும் கேட்கவேண்டியதில்லை. அதிகாரப் பகிர்வைப் பற்றிப் பல தசாப்தங்களாகப் பேசிக்கொண்டிருக்கும் ஒரு நாட்டின் வாசகர்களுக்கு, ஒரு தொழில்நுட்பம் அதனை 1983 இலேயே நடைமுறைப்படுத்திக் காட்டியது என்பது சிந்தனைக்குரிய செய்தியாகும்.

1984 ஒக்டோபரில் பொஸ்டலும் அவருடைய நெடுங்காலச் சகபணியாளர் ஜொய்ஸ் ரெனோல்ட்ஸும் இம்முறைமையின் உயர்நிலைப் பிரிவுகளை வரையறுத்தனர். கொம், எடு, கொவ், மில், ஓ.ஆர்.ஜி. ஆகியவற்றுடன் நாடுகளுக்கான இரண்டெழுத்துக் குறியீடுகளும் அதில் இடம்பெற்றன. இங்குதான் அவரது விவேகம் வெளிப்பட்டது. எது நாடு, எது நாடல்ல என்பது உலகில் இரத்தம் சிந்தவைத்த கேள்வி. கலிபோர்னியாவில் அமர்ந்திருக்கும் ஒரு கணனி விஞ்ஞானி அதற்கு விடையளிக்கப் புகுந்தால், அப்பதிவேடே போர்க்களமாகியிருக்கும். ஆகவே அவர் அந்த முடிவைத் தாம் எடுப்பதில்லை எனத் தீர்மானித்தார். சர்வதேச நியமங்கள் அமைப்பு வேறு தேவைக்காக ஏற்கெனவே பேணிவந்த நாட்டுக் குறியீட்டுப் பட்டியலில் இருப்பது எதுவோ அதுவே தமக்கும் ஏற்புடையது என்றார். 1994 மார்ச்சில் வெளியிட்ட ஆவணத்தில் இக்கொள்கையை அவர் தெளிவாகப் பதிவு செய்தார்.

இந்த விதி எத்துணை வலிமையுடையது என்பது அவர் மறைந்த பின்னரே புலப்பட்டது. 1999 இல் பலஸ்தீனப் பிரதேசம் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் விளைவாக 2000 மார்ச்சில் பலஸ்தீனத்திற்குரிய பி.எஸ். என்ற ஆள்களம் வேர்ப் பதிவேட்டில் இடம்பெற்றது. வல்லரசுகளின் அரசியல் மேசைகளில் முடிவு காணப்படாத ஒரு மக்களின் பெயர், நேர்மையான விதியொன்றின் வழியே இணையத்தின் வேரில் எழுதப்பட்டது. ஒரு தனிமனிதரின் பரிவை நம்பி நின்றிருந்தால் அது நிகழ்ந்திருக்கலாம், நிகழாமலும் போயிருக்கலாம்.

இலங்கைக்குரிய எல்.கே. ஆள்களம் 1990 இல் பதியப்பட்டது. இந்தியாவுக்கு 1989 இலும் சிங்கப்பூருக்கு 1988 இலும் மலேசியாவுக்கு 1987 இலும் அவ்வாறே வழங்கப்பட்டன. இவை அனைத்தும் பொஸ்டலின் பொறுப்பிலிருந்த பதிவேட்டின் ஊடாகவே நடந்தேறியவை. அன்று எமது வடக்கிலும் கிழக்கிலும் போர் மூண்டிருந்தது. திருகோணமலை மக்கள் இடம்பெயர்ந்துகொண்டிருந்த ஆண்டு அது. அவர்களின் நாட்டிற்கான இரண்டு எழுத்துக்கள் எங்கோ ஒரு பதிவேட்டில் எழுதப்படுவதை அறிந்திருக்க அவர்களுக்கு நியாயமில்லை. ஆயினும், இன்று அம்மாவட்டத்தின் பாடசாலைகளும் பிரதேச சபைகளும் பயன்படுத்தும் முகவரிகளுக்கு அன்று எழுதப்பட்ட அந்த வரியே மூலமாகும்.

ஒரு நாட்டின் ஆள்களத்தைப் பொறுப்பேற்பவர் அதன் சொந்தக்காரர் அல்லர், அந்நாட்டு மக்களுக்காகவும் உலக இணையச் சமூகத்திற்காகவும் அதனைக் காக்கும் பொறுப்பாளரே என்பது பொஸ்டலின் உறுதியான நிலைப்பாடு. உரிமையைப் பற்றிய பேச்சைவிடச் சேவையைப் பற்றிய பேச்சே பொருத்தமானது என அவர் கருதினார். தமிழில் இதனை அடைக்கலப் பொருள் என்போம். முஸ்லிம் சகோதரர்கள் அமானிதம் என்பர். இரு சொற்களும் ஒரே கடமையையே குறிக்கின்றன. பிறருடையதைத் தன்னுடையதாக எண்ணாமல், ஆனால் தன்னுடையதைவிடக் கவனமாகக் காப்பதே அக்கடமையாகும்.

1990 களின் நடுப்பகுதியில் இணையம் வணிகமாகியது. 1993 முதல் கொம் உள்ளிட்ட பெயர்களின் பதிவை நெட்வேர்க் சொலூஷன்ஸ் என்ற நிறுவனம் ஒப்பந்த அடிப்படையில் நடத்திவந்தது. 1995 செப்டெம்பரில் ஒரு பெயருக்கு ஆண்டொன்றுக்கு 50 டொலர் கட்டணம் அறவிடப்படத் தொடங்கியது. பெயர் என்பது பணமாயிற்று. நாளொன்றுக்குச் சில திருத்தங்கள் என்ற நிலை மாறி, ஆயிரக்கணக்கான திருத்தங்கள் குவிந்தன. மனிதக் கையால் இனி இயலாது என்ற நிலையில் தன்னியக்கம் தவிர்க்க முடியாததாயிற்று.

1997 ஏப்ரலில், பொஸ்டல் பதிப்பாசிரியராக இருந்த அதே ஆவணத் தொடரில், ஆள்களப் பதிவுகளைக் கருவிகளின் மூலம் நேரடியாகத் திருத்தும் நெறிமுறை வெளியானது. அதன் செயல்முறை எளிமையானது. ஒரு கருவி, பெயருக்குப் பொறுப்பான முதன்மைச் சேவையகத்திற்குச் செய்தியொன்றை அனுப்புகிறது. அச்செய்தியின் முதற்பகுதி முன்நிபந்தனைகளைக் கொண்டது. இப்பெயர் இப்போது பதிவில் உள்ளது, அல்லது இல்லை, அல்லது இன்ன எண்ணைக் காட்டுகிறது என்று கருவி தான் நம்புவதை முதலில் கூறவேண்டும். இரண்டாம் பகுதியில் செய்யவேண்டிய மாற்றங்கள் இருக்கும். முன்நிபந்தனை ஒன்று பொய்த்தாலும் சேவையகம் முழுத் திருத்தத்தையும் நிராகரித்துவிடும். அரைகுறையாக எதையும் எழுதாது. திருத்தம் ஏற்கப்பட்டால் பதிவேட்டின் தொடரெண் உயர்த்தப்பட்டு, துணைச் சேவையகங்களுக்கும் அறிவிக்கப்படும். அனுப்புபவர் உரியவர்தானா என்பதை இரகசியத் திறவுகோலால் உறுதிப்படுத்தும் முறை 2000 இல் நியமமாக்கப்பட்டது.

இந்த நெறிமுறை வெளிவந்து மூன்று மாதங்களுக்குள், தன்னியக்கத்தின் ஆபத்தை உலகம் வேறொரு வகையில் கண்டது. 1997 ஜூலை 17 ஆம் திகதி, நெட்வேர்க் சொலூஷன்ஸ் நிறுவனத்தில் கொம், நெட் பெயர்களுக்கான கோப்பைத் தரவுத்தளத்திலிருந்து தயாரிக்கும் செயல்முறை பழுதடைந்தது. கோப்பு பழுதானது என எச்சரிக்கை ஒலித்தும் பணியிலிருந்தவர் அதனைப் பொருட்படுத்தாது வெளியிட்டுவிட்டார். பழுதான பதிவு உலகெங்கும் பரவியது. எண்ணற்ற இணையத்தளங்களும் மின்னஞ்சல்களும் பல மணிநேரம் சென்றடைய முடியாதவையாயின. கருவி பிழைவிட்டது உண்மை. ஆயினும் தன் பிழையைக் கருவியே அறிவித்தது என்பதும் உண்மை. கேட்கத்தான் ஆளிருக்கவில்லை.

இதற்கிடையில் வேர்ப் பதிவேடு யாருக்குச் சொந்தம் என்ற சர்ச்சை முற்றியது. அமெரிக்க அரசாங்கமும் வணிக நிறுவனங்களும் பிறநாட்டுத் தொழில்நுட்பவியலாளர்களும் ஆளுக்கொரு திசையில் இழுத்தனர். 1998 ஜனவரி 28 ஆம் திகதி பொஸ்டல் ஒரு காரியம் செய்தார். உலகின் 13 வேர்ச் சேவையகங்களில் எட்டினை நடத்தியவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பிரதான பதிவை இனி நெட்வேர்க் சொலூஷன்ஸிடமிருந்து பெறாமல் தமது பொறுப்பிலுள்ள கணனியிலிருந்து பெறுமாறு கேட்டுக்கொண்டார். எட்டுப் பேரும் இணங்கினர். இரு பிரதிகளிலும் ஒரே பதிவுகளே இருந்தமையால் பாவனையாளர் எவரும் எதனையும் உணரவில்லை. ஆனால் வொஷிங்டன் உணர்ந்தது. ஜனாதிபதி கிளின்டனின் ஆலோசகர் ஐரா மெகஸினர் கடும் ஆட்சேபம் தெரிவித்தார். பொஸ்டல் அதனைப் பரிசோதனை என விளக்கி, சில நாட்களில் பழைய நிலைக்கே மாற்றிவிட்டார்.

அச்செயலின் நோக்கத்தைப் பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அதிகாரத்தை மீறினார் என்பாரும் உளர். அரசுகளைவிடச் சமூகத்தின் நம்பிக்கையே பெரிது என நிரூபித்தார் என்பாரும் உளர். எவ்வாறாயினும், அது இரண்டு உண்மைகளை உலகுக்கு உணர்த்தியது. ஒரு மனிதரின் ஒற்றை மின்னஞ்சலுக்கு உலக இணையத்தின் பெரும்பகுதி இணங்கும் அளவுக்கு அவர் நம்பப்பட்டார் என்பது ஒன்று. அந்த அளவுக்கு ஒரு மனிதரில் தங்கியிருப்பது எவருக்கும் பாதுகாப்பானதல்ல என்பது மற்றொன்று. பொஸ்டல் பின்னதையும் உணர்ந்திருந்தார் என்றே கொள்ளவேண்டும். ஏனெனில் அவ்வாண்டு முழுவதும் அவர் பாடுபட்டது தமது கையிலிருந்த பொறுப்பை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்காகவே. 1998 செப்டெம்பர் இறுதியில் ஐக்கான் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு சட்டப்படி உருவாக்கப்பட்டது.

அதன்பின் மூன்று வாரங்கள்கூட அவர் வாழவில்லை. ஏற்கெனவே 1991 இல் இதய வால்வுச் சத்திரசிகிச்சைக்கு உள்ளானவர் அவர். 1998 இல் மீண்டும் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அதன் பின்னரான சிக்கல்களால் ஒக்டோபர் 16 ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸில் தமது 55 ஆவது வயதில் காலமானார். பாடசாலைத் தோழர் வின்ட் சேர்ஃப் எழுதிய இரங்கலுரை, பொஸ்டல் வாழ்நாளெல்லாம் பதிப்பித்த அதே ஆவணத் தொடரில் 2468 ஆவது இலக்கத்துடன் வெளியானது. இணையச் சங்கம் அவர் பெயரால் ஆண்டுதோறும் சேவை விருது வழங்க முடிவு செய்து, 1999 இல் முதலாவது விருதை மறைந்த அவருக்கே அளித்தது.

அவர் காலத்தில் பெயர்கள் ஆங்கில எழுத்துக்களில் மாத்திரமே அமைந்திருந்தன. 2003 இல் வேற்று எழுத்துக்களுக்கான நியமம் வெளியானது. 2010 மே மாதத்தில் எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளின் அரபு எழுத்துப் பெயர்கள் வேர்ப் பதிவேட்டில் இடம்பெற்றன. அதே ஆண்டிலேயே இலங்கை என்ற தமிழ்ப் பெயரும் லங்கா என்ற சிங்களப் பெயரும் ஒருங்கே எழுதப்பட்டன. மறு ஆண்டு சிங்கப்பூர், இந்தியா ஆகியனவும் தமிழ் எழுத்தில் சேர்ந்தன. இலங்கைத்துறையில் வாழும் ஒருவர் தமது ஊர்ப் பெயரைத் தமிழிலேயே எழுதி, இலங்கை என்ற முடிவுடன் உலக முகவரியாக்க முடியும். நிலத்திலுள்ள பெயர்ப்பலகையைப் போலன்றி, இங்கே இரு மொழிப் பெயர்களும் ஒன்றையொன்று அழிக்காமல் அருகருகே வாழ்கின்றன. வேர்ப் பதிவேட்டின் மீதான அமெரிக்க அரசாங்கத்தின் மேற்பார்வையும் 2016 ஒக்டோபர் 1 ஆம் திகதியுடன் முடிவுக்கு வந்தது.

எனினும் பதிவேட்டை எழுதும் கை யாருடையது என்ற கேள்வி முடிந்துவிடவில்லை. 2025 ஒக்டோபர் 20 ஆம் திகதி அமேசன் நிறுவனத்தின் கணனிச் சேவைகள் பல மணிநேரம் தடைப்பட்டு, உலகெங்கும் எண்ணற்ற செயலிகள் செயலிழந்தன. காரணம், ஆள்களப் பதிவுகளைத் தானாகவே திருத்தும் கருவியொன்று. ஒரே வேலையைச் செய்யும் கருவிகளில் ஒன்று தாமதமடைந்து, தான் தொடக்கத்தில் செய்த சரிபார்ப்பு காலாவதியானதை அறியாமல், புதிய பதிவின் மேல் பழைய பதிவை எழுதியது. மற்றொன்று அது பழையது என்று கண்டு அழித்தது. விளைவு, முக்கிய சேவையொன்றின் பெயருக்கு எதிரே எந்த எண்ணும் எஞ்சவில்லை. அதனைக் கருவியால் சீர்செய்ய இயலாமல், மனிதர்கள் தலையிட்டே மீட்டனர். முன்நிபந்தனையை எழுதும் கணத்தில் சரிபார்க்கவேண்டும் என்று 1997 ஆவணம் வலியுறுத்தியதன் பொருளை இச்சம்பவம் நினைவூட்டியது.

இதெல்லாம் பெருநிறுவனங்களின் கவலை என்று எண்ணிவிடலாகாது. எமது பிரதேசத்தின் பாடசாலை, கூட்டுறவுச் சங்கம், பள்ளிவாசல், கோயில், விளையாட்டுக் கழகம் எதுவாயினும், அதன் இணைய முகவரி யாரோ ஓர் ஆர்வமுள்ள இளைஞரின் சொந்தப் பெயரில் பதியப்பட்டிருப்பது வழமை. அவர் வெளிநாடு செல்வார், அல்லது தொலைபேசி இலக்கத்தை மாற்றுவார். புதுப்பிக்கும் நாள் கடந்துபோகும். கருவி கருணை காட்டாது. பெயர் அறுந்துபோகும். வேறெவரோ அதனை வாங்கிக்கொள்வர். பல்லாண்டு உழைப்பு ஒரே இரவில் முகவரியற்றுப்போகும்.

ஆகவே பெயரை நிறுவனத்தின் பெயரிலேயே பதியவேண்டும். திறவுகோல் இருவரிடமேனும் இருக்கவேண்டும். கருவியைக் கொண்டு பதிவைத் திருத்துவதாயின், திருத்துமுன் பழைய பதிவைப் பிரதியெடுத்து வைக்கவேண்டும். திருத்திய பின் வேறொரு கணனியிலிருந்து கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். எப்போது, யார், எதை மாற்றினார் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதவேண்டும். எச்சரிக்கை ஒலித்தால் நிறுத்தவேண்டும். இவை பெருஞ்செலவுடைய காரியங்கள் அல்ல. பொஸ்டல் பதிவேட்டைப் பேணத் தொடங்கியபோது கைக்கொண்ட ஒழுக்கமும் இதைவிடப் பெரிதல்ல.

மலையேறுவதில் விருப்பமுடைய அவர் சொத்தாக விட்டுச்சென்றது பதிவேடு ஒன்றே. ஆனால் அப்பதிவேட்டில் ஒரு நாட்டின் பெயரை அவர் விருப்பு வெறுப்பால் எழுதவுமில்லை, அழிக்கவுமில்லை. விதியை முதலில் எழுதினார். பின்னர் அவ்விதிக்குத் தாமும் கட்டுப்பட்டார். இறுதியில் அதனைத் தம்மைவிட நீண்ட ஆயுளுடைய ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தார். ஊர்ப் பெயர்களுக்காகவும் காணிப் பதிவுகளுக்காகவும் வாக்காளர் இடாப்புகளுக்காகவும் நெடுங்காலம் அலைந்த மக்களுக்கு, பதிவேட்டைக் காப்பவர் எப்படி இருக்கவேண்டும் என்பதை எவரும் கற்பிக்கத் தேவையில்லை. ஜோன் பொஸ்டல் அத்தகைய ஒருவராக வாழ்ந்து காட்டினார் என்பதே அவரை நினைவுகூர்வதற்குப் போதிய காரணமாகும்.